காதால் கடலை வறுத்தவள்

கடலை பதமாக வறுபட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கடலக்காவுக்குத் தெரியாது. அவளிடம் பாக்கெட் வாங்கும் இருபத்து மூன்று கடைக்காரர்களில் யாரிடம் இதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பதினோரு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு நிறம் தெரியாதா என்பார்கள். தெரியாதுதான். அவள் தொழிலைக் கற்ற இடம் அப்படி.

அந்த இடம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வீடு என்றால் ஓர் அறை. சமையலறை என்றால் படிக்கட்டின் சரிவுக்குக் கீழே ஆள் குனிந்து நிற்கிற ஒரு முடுக்கு. சன்னல் கிடையாது. விளக்கு மாட்டும் இடத்தில் கரிந்துபோன ஹோல்டர்தான் தொங்கியது. அதை மாற்றித் தரச் சொல்லும்போதெல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் நாளைக்கு என்றார். இரண்டு வருஷம் ஆகியும் அந்த 'நாளைக்கு' வரவில்லை. அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு தகராறில் பணிமனையை மூன்று மாதம் பூட்டிப் போட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வயிறு நிறையாது என்று, ஓர் இரும்புச் சட்டி, அரைக் கூடை மணல், ஐந்து கிலோ கடலை இவற்றோடு அவள் அந்த முடுக்குக்குள் நுழைந்தாள்.

இருட்டில் மணலும் கறுப்பு, கடலையும் கறுப்பு. முதல் வாரம் முழுக்க ஒன்று பச்சையாக நின்றது, இல்லாவிட்டால் கரிந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் கண் எரிந்து, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டே கிளறினாள். அப்போதுதான் கேட்டது. போட்டவுடன் கடலைக்கு ஒரு கனத்த சத்தம். ஈரம் போகப் போக அது இலேசாகும். பிறகு தோல் வெடிக்கும் சின்னச் சின்னச் சத்தம் கிளம்பும், பெருகும், ஒரு கட்டத்தில் தயங்கும். அந்தத் தயக்கத்தில் சட்டியை இறக்கிச் சலித்தால், கடலை கடித்த கடியில் உடைந்தது. கொஞ்சம் தவறினால் கசந்தது. எட்டு நாளில் அதைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் நல்ல வெளிச்சம் உள்ள வீட்டுக்குக் குடி போனபோதும், சட்டிக்கு முன்னால் நின்றால் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

ஆஸ்பத்திரி வாசலில் காகிதப் பொட்டலமாக விற்றாள். உள்ளே படுத்திருப்பவர்களைப் பார்க்க வந்து, வெளியே நேரம் போகாமல் நிற்பவர்கள் வாங்கினார்கள். எதிர்ப்புற டீக்கடைக்காரர் பாக்கெட்டாகக் கொடுத்தால் சரமாகத் தொங்கவிடுகிறேன் என்றார். பாக்கெட் போட ஆள் வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தவள் கணவரின் தங்கை.

நாத்தனார் அதுவரை ஒரு தையற்கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கை சுத்தம், அவள் ஒட்டிய பாக்கெட்டின் விளிம்பு நூல் பிடித்தது போல நேராக இருக்கும். வாய்தான் ஓயாது. கண்ணை மூடிக்கொண்டு கிளறுகிற அண்ணியைப் பார்த்து, கடலைக்குத் தாலாட்டுப் பாடுகிறாளா என்று அண்ணனிடம் கேட்பாள். இரண்டாவது சட்டி வாங்கியபோது ஒரு சட்டிக்கு ஒரு காது என்றாள். மூன்றாவது சட்டி வந்தபோது, மூன்றாவது காதுக்கு எங்கே போவாய் அண்ணி என்றாள்.

அது வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது, போன வருஷம் கடலக்காவுக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் படுக்கும்வரை. நாத்தனார்தான் சட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். கட்டிலுக்கு அருகில் வந்து கேட்டாள்.

"எப்ப இறக்கணும் அண்ணி?"

"சத்தம் மாறும்போது."

"என்ன சத்தமா மாறும்?"

"அந்தச் சத்தம்தான். கேட்டா தெரியும்."

"நல்லா சொல்லிக்கொடுத்தே போ."

நான்கு நாள் கடலையில் பாதி திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் சரத்தைக்கூடப் பிரிக்காமல் அப்படியே அனுப்பியிருந்தார். கடலக்கா அன்றைக்குப் படுக்கையில் கிடந்தபடி யோசித்தது ஒன்றே ஒன்று. தன் காது படுத்தால் தொழிலும் படுத்துவிடும். இத்தனை வருஷம் கட்டியதெல்லாம் தலையின் இரண்டு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் கொள்முதல்காரர் வந்தார். பதினான்கு கிளைகள் உள்ள ஒரு பலசரக்கு நிறுவனத்துக்குச் சரக்குப் பிடிக்கிறவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. டீக்கடையில் அவள் பாக்கெட்டைத் தின்று பார்த்துவிட்டு, முகவரி விசாரித்துத் தேடி வந்திருந்தார். வாரத்துக்கு நானூறு கிலோ வேண்டும் என்றார். கடலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று சட்டியிலும் விடாமல் வறுத்தாலும் ஒரு நாளைக்கு முப்பது கிலோதான் தேறும்.

"மெஷின் போடறோம் சார்" என்று கணவர் முந்திக்கொண்டு சொன்னார். மெஷின் எது, எங்கே என்று அவருக்கே அப்போது தெரியாது.

கொள்முதல்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவார். மூன்று ஈடு தன் கண் முன்னால் வறுக்க வேண்டும். மூன்றும் ஒரே ருசியாக இருந்தால் ஆர்டர். ஒன்று மாறினாலும் இல்லை. இன்னொரு இடம் பார்த்து வைத்திருக்கிறார். கையால் செய்கிற பண்டம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, அதுதான் என் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் கிடைத்துவிட்டது. மூடிப்போன காப்பித்தூள் கம்பெனி ஒன்றில் ஒரு பழைய வறுக்கும் உருளை தூசி படிந்து கிடந்தது. ஒரு ஈட்டுக்கு இருபத்தைந்து கிலோ கொள்ளும். கணவர் அதைத் தட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்தார். டயர் கடை காலி செய்த ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, திங்கட்கிழமை காலை உருளையை இறக்கினார்கள். பணிமனையில் நான்கு நாள் விடுப்புச் சொன்னார் கணவர். கடலக்கா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, முதல் மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள்.

சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் உறுமியது, பெல்ட் அறைந்தது, பற்சக்கரம் நறநறத்தது, பர்னர் இரைந்தது, தகரக் கூரை எல்லாவற்றையும் வாங்கித் திருப்பித் தலையில் கொட்டியது. கடலக்கா கண்ணை மூடினாள். உருளைக்குள் இருபத்தைந்து கிலோ கடலை உருண்டுகொண்டிருந்தது. அதில் ஒன்றின் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

விற்றவர் பதினெட்டு நிமிஷம் என்று சொல்லியிருந்தார். பதினெட்டாவது நிமிஷத்தில் கதவைத் திறந்தால் கடலை பாதிப் பச்சை. போதாக்குறைக்குக் காப்பி வாசனை வேறு. கடலையையும் காப்பியையும் ஒரே பாக்கெட்டில் கொடுத்த முதல் கம்பெனி நம்முடையதுதான் என்றாள் நாத்தனார். அடுத்த ஈட்டை இருபத்து மூன்று நிமிஷம் விட்டார்கள். கரிந்தது. மூன்றாவது ஈட்டுக்கு இருபது என்று கணக்குப் போட்டால், அது வேறு மூட்டை, உப்புத் தண்ணீரில் பிசறிய ஈரம் சரியாகக் காயாதது; மறுபடியும் பச்சை. சூடு காட்டும் முள்ளோ காப்பிக் காலத்திலேயே ஓர் எண்ணில் சிக்கி நின்றுவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நடுவில் நடுவில் உருளையை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தாள். நிறுத்திய இடத்தில் அடிக்கடலை கருகியது. நீளக் கரண்டியை உள்ளே விட்டு எடுத்து நிறம் பார்க்கச் சொன்னார் கணவர். நிறம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது திறந்தால், கொட்டி ஆறுவதற்குள் உள்சூட்டிலேயே கறுத்தது. அவர் பெல்ட்டை மாற்றினார், பற்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவினார், மோட்டாருக்கு அடியில் டயர்த் துண்டு வைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது, காது கேளாதவள் ஆவதற்கு.

அத்தனை உருண்டதில் காப்பி வாசனை போனதுதான் மிச்சம், புதன்கிழமை மதியம் வீணான கடலை ஐந்து கோணியில் நின்றது. கடலக்கா அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாளை காலை பத்து மணிக்குக் கொள்முதல்காரர் வந்துவிடுவார். சட்டியில் வறுத்துக் காட்டிவிடலாமா என்று நினைத்தாள். காட்டலாம்; வாரம் நானூறு கிலோவை எந்தச் சட்டியில் காட்டுவது?

கணவர் ஒரு பக்கமாக ஓடிய உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ பேரிங் காய்ந்திருக்கிறது, எது என்று தெரியவில்லை என்றார். நீள ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்தார். கூர்முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதோடு அழுத்தினார். பேருந்து என்ஜினுக்கு அவர்கள் எல்லாரும் செய்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு பேரிங், அடுத்த பேரிங், மூன்றாவது. "இதுதான் அழுவுது" என்றார்.

கடலக்கா எழுந்துவிட்டாள். அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டிக்கு முன்னால் தன் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை அவள் கண்டதில்லை. இப்போது அது அவர் கழுத்தின் மேல் இருந்தது.

"அந்த இரைச்சல்ல எப்படிங்க கேக்குது?"

"இரைச்சல் காத்துல வருது. இது இரும்புல வருது" என்றார் அவர், பெரிய விஷயம் ஒன்றும் இல்லாததைப் போல.

அவள் ஸ்குரூடிரைவரை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். உருளைதான் சுழலும், அதன் வாயை மூடியிருக்கும் முன்தட்டு அசையாது. கடலை வந்து வந்து மோதுவது அந்தத் தட்டில்தான். முனையைத் தட்டில் ஊன்றினாள். கைப்பிடியைக் காதில் வைத்தாள். மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

உள்ளே கடலை இருந்தது. அவ்வளவும் இருந்தது. மாடிப்படி முடுக்கில் ஒரு கிலோவாகக் கேட்டது இப்போது இருபத்தைந்து கிலோவாகக் கேட்டது. அவள் வாயைத் திறந்து சிரித்ததைப் பார்த்து நாத்தனார் ஷாக் அடித்துவிட்டதோ என்று சுவிட்சுக்கு ஓடினாள்.

அதன்பின் அந்தக் கொட்டகையில் யாரும் உட்காரவில்லை. தயக்கம் வந்ததும் கதவைத் திறந்த ஈடு ஒரு பிசிறு கூடுதலாகச் சிவந்தது. சட்டியைப் போல உருளை உடனே ஆறாது, ஆகவே தயங்கும்வரை காத்திருக்கக் கூடாது, தயங்கப் போகும்போதே திறக்க வேண்டும் என்று அடுத்த ஈட்டில் புரிந்தது. அதற்கடுத்தது வாயில் போட்டதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மென்றார்கள். நாத்தனார் கையை நீட்டினாள்.

"குடு, நானும் கேக்கறேன். அப்படி என்னதான் பாட்டு பாடுது."

காதில் வைத்தாள். எதிர்பாராத விதமாக அவள் வாய் மூடிக்கொண்டது. ஒரு முழு ஈடு முடியும்வரை அவள் பேசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை என்று அண்ணன் பிறகு சத்தியம் செய்தார். சட்டியில் அவளுக்குப் பிடிபடாததற்குக் காரணம் இருந்தது. தெருச் சத்தம், அடுப்புச் சத்தம், கரண்டி உராயும் சத்தம், அவளுடைய பேச்சுச் சத்தம் எல்லாமாகக் கலந்து வரும். இந்தக் கட்டைப் பிடி வழியாகக் கடலை மட்டும்தான் வந்தது.

"அண்ணி, முதல்ல நனைஞ்ச செருப்பு போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கு. அப்புறம் தகரத்துல மழை. நல்லா வலுக்குது. அப்புறம் மழை விடப் போகுது பாரு, இன்னும் விடல, ஆனா விடப் போகுதுன்னு தெரியுதே, அதானே?"

கடலக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருஷம் அந்தச் சத்தம் என்று மட்டுமே அவளுக்குத் தெரிந்ததை, இந்த வாயாடி ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அதேதான்" என்றாள். "மழை விடறதுக்கு முன்னாடி குடையை மடக்கிடணும்."

வியாழக்கிழமை கொள்முதல்காரர் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். கொட்டகைக்குள் கால் வைத்ததும் அவர் பார்த்தது, தலையில் துணி கட்டிய ஒரு பெண் மெஷினின் முகத்தில் ஸ்குரூடிரைவரை ஊன்றிக் காதில் வைத்துக்கொண்டு கண் மூடி நிற்பதை. மெஷின் கெட்டுப்போச்சா என்று கணவரிடம் கேட்டார். இல்லை சார், பேசிக்கிட்டிருக்காங்க என்றார் கணவர்.

முதல் ஈடு பதினேழு நிமிஷத்தில் இறங்கியது. அவர் நோட்டில் எழுதினார். இரண்டாவது இருபத்தொன்று. பேனா நின்றது. நேரமே ஒன்றாக இல்லை, ருசி எப்படி ஒன்றாக இருக்கும் என்றார். கடிகாரம் வறுக்கவில்லை, தின்று பாருங்கள் என்றாள் அவள். ஆறிய கடலையில் இரண்டு குவியலிலிருந்தும் எடுத்து, இடது கன்னத்தில் ஒன்று வலது கன்னத்தில் ஒன்று என்று ஒதுக்கி மென்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே போய் டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார்.

"இது எங்க குடோன்ல கிடந்த சரக்கு. மூணாவது ஈடு இதுல போடுங்க."

கடலக்கா மூட்டைக்குள் கையை விட்டாள். குளிர்ந்திருந்தது. மழையில் நனைந்து பாதி காய்ந்த கடலை.

"இன்னொண்ணும்மா" என்றார் அவர். "ஒரு நாள் உங்களுக்கு உடம்பு சரியில்லேன்னா என் பதினாலு கடைக்கும் யார் வறுப்பாங்க?"

யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அவள் எட்டு மாதமாகப் பயந்த கேள்வி. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கை முந்திக்கொண்டது. ஸ்குரூடிரைவரை நாத்தனாரிடம் நீட்டியது.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "நேத்து நாலு ஈடுதான் அண்ணி கேட்டேன்" என்று காதோடு சொன்னாள். "எனக்கு எட்டு நாள்ல வந்துச்சு. உனக்கு நாலு ஈட்டுலயே வந்துடுச்சு. போ" என்றாள் கடலக்கா.

உருளை சுழன்றது. கடலக்கா ஐந்தடி தள்ளி நின்றாள். வறுக்கும் இடத்தில் காதுக்கு வேலை இல்லாமல் நிற்பது அவளுக்குப் புதிது. இரைச்சல் மட்டும் கேட்டது. பதினேழு நிமிஷம் ஆனது, நாத்தனார் அசையவில்லை. இருபத்தொன்று ஆனது. கொள்முதல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கடலக்காவைப் பார்த்தார். இருபத்து மூன்று. செவ்வாய்க்கிழமை அடிக்கடலை கருகியது, திங்கட்கிழமை இதே இருபத்து மூன்றில் கரிக்கட்டையாக விழுந்தது எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஓர் எட்டு எடுத்து வைத்தாள். கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கறவ அவ. நீ இல்லே."

"இருபத்தஞ்சு ஆயிடுச்சுங்க."

"கடிகாரம் வறுக்கலேன்னு நீதானே சொன்னே."

நாத்தனாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மழை, மழை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கலாம், வேண்டிக்கொண்டும் இருக்கலாம். இருபத்தாறாவது நிமிஷத்தின் நடுவில் சட்டென்று நிமிர்ந்து பர்னரை அணைத்தாள், கதவை இழுத்தாள். கடலை கீழே இருந்த ஆறவைக்கும் தட்டில் சரிந்து விழுந்தது. ஆவி பறந்தது. விசிறியைப் போட்டார்கள். ஆறும்வரை நான்கு பேரும் தட்டைச் சுற்றி நின்றார்கள்.

கொள்முதல்காரர் எடுத்தார். இடது கன்னம், வலது கன்னம். கண்ணை மூடினார். இன்னொரு பிடி எடுத்தார். அதை முழுக்க மென்று விழுங்கிய பிறகும் கை தட்டுக்குப் போனது. அதைச் சோதனை என்று யாரும் சொல்ல முடியாது. நோட்டைத் திறந்து, நேரம் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் அடித்தார்.

"திங்கட்கிழமை வண்டி அனுப்பறேன். முதல் வாரம் நானூறு. ரெண்டு பேர்ல யார் வறுத்தாலும் எனக்குச் சரி" என்றார். கொஞ்சம் தயங்கி, ஸ்குரூடிரைவரை ஒரு தடவை காதில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். காலி உருளைதான் ஓடியது. அதையே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

வண்டி தெருமுனை தாண்டும்வரை நாத்தனார் கோணி மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மீதி இருந்த மூட்டையைத் தானே இழுத்துவந்து பிரித்தாள். அவள் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதைக் கவனித்தார் அண்ணன். இனிமேல் என்னை வெறும் பாக்கெட் ஒட்டறவள்னு யாராவது சொன்னா சொன்னவங்க காதைத் திருகிடுவேன் என்று அவரிடம் சொன்னாள்.

உருளை நிறைந்து சுழல ஆரம்பித்தது. கடலக்காவுக்குப் பின்னால் கடலை வறுபட்டுக்கொண்டிருந்தது; அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கொட்டகையின் காலிப் பாதிக்குப் போனாள். டயர் தேய்ந்த கறுப்புத் தடங்கள் தரையில் அப்படியே இருந்தன. சுவரோரம் குதிகாலை வைத்து, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதமாக ஒட்டி ஒட்டி அளந்துகொண்டு நடந்தாள். எட்டடிக்கு மேல் வந்தது. இரண்டாவது உருளை நிற்கலாம், சுற்றிவர ஆள் போகவும் வழி இருக்கும்.

"அங்க என்ன அண்ணி பண்றே?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினாள் நாத்தனார், கைப்பிடியைக் காதிலிருந்து எடுக்காமலே.

கடலக்கா கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும்; மூன்றாவது உருளைக்கும் இடம் வருமா என்று பார்க்க இன்னும் ஏழு பாதம் இருந்தது.